புகுபதிகைச் சுழல்

புகுபதிகைச் சுழல் என்பது, சரியான கடவுச்சொல்லை உள்ளிட்ட பின்னரும் கணினிப் பயனர் பணித்திரையை அடைய இயலாமல், மீண்டும் மீண்டும் புகுபதிகைத் திரைக்கே திருப்பி அனுப்பப்படும் நிலையாகும். உபுண்டு, லினக்சு மின்ட் முதலிய குனூ/லினக்சு வழங்கல்களில், இயங்குதளத்தை இற்றைப்படுத்தி மீள்தொடக்கிய உடனே இது பெரும்பாலும் தென்படுகின்றது. கடவுச்சொல் தவறாயின் அதனைக் கூறும் அறிவிப்பு வரும். சுழலில் அவ்வாறு எதுவும் வருவதில்லை. திரை ஒரு கணம் கருத்து, பழைய பெட்டியே மறுபடி தோன்றும். கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது என்பதே இதன் பொருள். இதனை அறியாமல் கடவுச்சொல்லை மாற்றுவோரும், இயங்குதளத்தையே அழித்து மீள நிறுவுவோரும் பலர்.

இரு கட்டங்கள்

புகுபதிகை இரு கட்டங்களில் நிகழ்கின்றது. முதலாவது, பயனர் யார் என உறுதி செய்தல். லினக்சில் இப்பணியைப் பாம் எனப்படும் நிரற்கூறுகள் செய்கின்றன. சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனத்தார் 1995 இல் முன்மொழிந்த ஏற்பாடு இது. இரண்டாவது, அப்பயனரின் உரிமைகளுடன் ஓர் அமர்வைத் தொடங்குதல். காட்சி மேலாளர் என்னும் நிரல் பயனரின் அமைப்புக் கோப்புகளைப் படித்து, பணிச்சூழலை இயக்குகின்றது. இவற்றுள் ஏதேனும் ஒன்று இடையில் நின்றுபோனால் அமர்வு முடிந்துவிட்டதாகக் கொண்டு, காட்சி மேலாளர் தன் கடமைப்படி புகுபதிகைத் திரையைக் காட்டுகின்றது. சுழல் என்பது இரண்டாம் கட்டத்தின் தோல்வி.

காரணங்கள்

மிகவும் அறியப்பட்ட காரணம் கோப்பு உரிமை மாறியிருத்தல். எக்சு சாளர முறையில், திரையை அணுகுவதற்கான இரகசியக் குறி, பயனரின் இல்ல அடைவில் எக்சத்தாரிட்டி என்னும் மறைகோப்பில் எழுதப்படும். லைட்டிஎம் காட்சி மேலாளர் இவ்வழக்கத்தைப் பின்பற்றுகின்றது. குனோமின் சிடிஎம் அதனை வேறிடத்தில் வைக்கின்றது. வரைகலைச் செயலி ஒன்றைச் சூடோ கட்டளை கொண்டு இயக்கினால், இக்கோப்பு ரூட் எனப்படும் முதன்மைப் பயனரின் உடைமையாகிவிடக் கூடும். பின்னர் உரியவரே அதில் எழுத இயலாது. ஏற்கனவே திறந்துள்ள அமர்வு தடையின்றி ஓடும். வாரங்கள் கழித்து இற்றைப்படுத்தலுக்காக மீள்தொடக்கும்போதுதான் கோளாறு வெளிப்படும். பழி இற்றைப்படுத்தலின் மேல் விழும். 2019 இல் வெளியான உபுண்டு 19.10 முதல், சூடோ இயல்பாகவே முதன்மைப் பயனரின் இல்ல அடைவைப் பயன்படுத்துவதால் இவ்வகைத் தவறு குறைந்துள்ளது.

அடுத்தது வட்டு நிரம்புதல். பழைய கருனிகளும் தரவிறக்கிய பொதிகளும் இற்றைப்படுத்தல்தோறும் சேர்கின்றன. எக்சுட்4 கோப்பு முறைமை, இடத்தில் 5 விழுக்காட்டை இயல்பாக முதன்மைப் பயனருக்கென ஒதுக்கி வைக்கின்றது. ஆகவே வட்டு நிரம்பிய கணினியும் ஒழுங்காகத் தொடங்கும், புகுபதிகைத் திரையும் வரும். சாதாரணப் பயனரின் அமர்வு மட்டும் ஒரு பைட்டும் எழுத இயலாமல் மடியும்.

என்விடியா வரைகலை அட்டையின் தனியுரிம இயக்கி புதிய கருனிக்கேற்ப மீளத் தொகுக்கப்படாமல் போதல், முன்பு தெரிவு செய்திருந்த அமர்வு வகை நீக்கப்படுதல், பயனரின் தொடக்க நிரல்வரியில் பிழை இருத்தல் ஆகியனவும் காரணங்களாகும். உபுண்டு 25.10 பதிப்பு (2025) குனோமின் எக்சு அமர்வை விலக்கி, வேலாண்டு அமர்வை மட்டும் வைத்துக்கொண்டது இத்தகைய நீக்கத்துக்கு எடுத்துக்காட்டு.

கண்டறிதல்

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தி உரை முனையத்துக்குச் சென்று, அதே பெயர், அதே கடவுச்சொல் கொண்டு நுழைந்து பார்ப்பதே சிறந்த சோதனை. நுழைய முடிந்தால் கடவுச்சொல் சரியே. அங்கிருந்தபடியே வட்டின் காலியிடத்தையும், மறைகோப்பின் உரிமையாளரையும், அமர்வின் பிழைக் குறிப்பேட்டையும் பார்க்கலாம். உரிமை மாறிய எக்சத்தாரிட்டி கோப்பின் பெயரை மாற்றி வைத்தால் போதும், அடுத்த புகுபதிகையில் புதியது உருவாகும். நுழைய முடியாவிடில் விசைப்பலகைத் தளக்கோலம், எண்பூட்டு விசை, பாம் அமைப்பு என முதற்கட்டத்தை ஆராய வேண்டும். கருனியின் மேல் ஐயமிருந்தால், கணினி தொடங்கும்போது குரப் பட்டியலில் பழைய கருனியைத் தெரிவு செய்து பார்க்கலாம்.

கடவுச்சொல்லை மாற்றுவதன் தீங்கு

மீட்பு முறையில் நுழைந்து, முதன்மைப் பயனராகக் கடவுச்சொல்லை மாற்றுமாறு கூறும் அறிவுரை பரவலாகக் காணப்படுகின்றது. சுழலுக்கு இது மருந்தன்று. சில கணினிகளில் கேடும் விளைவிக்கும். உபுண்டுவின் பழைய பதிப்புகள் பலவற்றில் இல்ல அடைவை ஈகிரிப்ட்எஃப்எசு முறையில் மறையாக்கம் செய்யும் வசதி இருந்தது. 2018 இல் வெளியான 18.04 பதிப்பின் நிறுவியிலிருந்து அது நீக்கப்பட்டது. ஆயினும் பழைய நிறுவல்களை மேம்படுத்தி வந்தோரிடம் அவ்வடைவுகள் தொடரலாம். அவற்றின் திறவுகோல் பழைய கடவுச்சொல்லால் பூட்டப்பட்டுள்ளது. கடவுச்சொல்லை வெளியிலிருந்து மாற்றினால் திறவுகோல் திறக்காது, அடைவு இணையாது, இல்லாத இல்லத்தில் அமர்வும் தொடங்காது. பழைய கடவுச்சொல் நினைவிலிருந்தால் அதனையே மீண்டும் இட்டுச் சரிசெய்யலாம். மறந்துவிட்டால், மறையாக்கம் அமைத்தபோது எழுதி வைக்கச் சொன்ன 32 எழுத்துத் தொடர் ஒன்றே வழி.

விண்டோசிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. தன் கணக்கின் கடவுச்சொல்லைப் பயனர் தாமே மாற்றாமல் நிருவாகி வலிந்து மாற்றினால், ஈஎஃப்எசு முறையில் மறையாக்கிய அவருடைய கோப்புகள் திறவா. பயனர் விவரத்தொகுதி பழுதுற்றால் விண்டோசு சுழல்வதற்குப் பதிலாகத் தற்காலிகத் தொகுதி ஒன்றில் நுழைய விடுவதுண்டு; அதில் சேமித்தவை விடுபதிகையின்போது அழிந்துவிடும்.