அட்டையில் துளையிட்ட கைகள்

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கும் கொம்பியூட்டருக்கும் என்ன சம்பந்தம்? எங்கட கம்பஸ்களில இப்பவும் கேட்கிற கேள்வி இது. இலக்கியம், வரலாறு, மெய்யியல் எழுப்புகிற கேள்விகளைக் கணினியின் துணையோடு ஆராய்வதைத்தான் டிஜிட்டல் மனிதவியல் எண்டு சொல்லுறம். நேற்று வந்த ஃபேஷன் மாதிரித் தெரிஞ்சாலும் அதற்கு எழுபது வருசத்துக்கு மேலான வரலாறு இருக்கு.

அந்த வரலாற்றை வழமையாக ஒரு பாதிரியாரில இருந்துதான் தொடங்குவினம். ரொபேர்ட்டோ பூசா, இத்தாலியைச் சேர்ந்த இயேசு சபைக் குரு. தோமஸ் அக்குவைனாஸின் லத்தீன் நூல்களில் 'பிரசன்னம்' என்ற கருத்தை ஆராய்ந்தவர். அந்தக் கருத்து பெரிய பெரிய சொற்களில் இல்லை, 'இன்' என்ற சின்னச் சொல்லில்தான் இருக்கு எண்டு அவருக்குப் பட்டது. எங்கட 'இல்' உருபு செய்கிற வேலையைத்தான் லத்தீனில் அந்தச் சொல் செய்யும். அது வருகிற வசனங்களை ஏறக்குறைய 10,000 அட்டைகளில் கையாலேயே எழுதினார். எல்லாச் சொற்களுக்கும் இப்படி ஒரு அகரவரிசை வேணுமெண்டால்? 1949 இல் நியூயோர்க் போய் ஐ.பி.எம். தலைவர் தோமஸ் வொற்சனைச் சந்தித்து உதவி கேட்டார். உதவி கிடைச்சது.

1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சான அந்தச் சொல்லடைவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கு. அதைச் சொன்னால் நினைவுக்கு வாறது பூசாவின் பெயர் மட்டும்தான்.

ஆனால் அந்தச் சொற்களை இயந்திரத்துக்குள் கொண்டு போனது ஆர்? மிலான் நகருக்குப் பக்கத்தில, கல்லராத்தே என்ற ஊரில் 1954 முதல் 1967 வரை ஒரு பயிற்சிப் பாடசாலை நடந்தது. அங்கே படிச்சதில் பெரும்பாலானவை இளம் பெண்கள். மூலப்பிரதியைப் பார்த்து எழுத்தெழுத்தாக விசையை அமத்துவினம். அட்டையில் துளை விழும். அந்தத் துளைகளை வைச்சுத்தான் இயந்திரம் சொற்களை அடுக்கும். ஒரு துளை பிழைச்சால் சொல்லே பிழைச்சுப் போகும். இந்தப் பெண்களின் படங்கள் ஆவணக்காப்பகத்தில் கிடந்தன. பெயர்கள்தான் வரலாற்றில் இல்லை. 2014 இல்தான் ஜூலியான் நைஹன் என்ற ஆய்வாளர் அவர்களில் சிலரைத் தேடிப்போய் வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்தார்.

இதை 'வெறும் ரைப்பிங்' எண்டு சொல்ல ஏலாது. ஒரு பழைய தமிழ் நூலைத் தட்டச்சு செய்து பாருங்கோ. மங்கின எழுத்து 'ன'வா 'ள'வா? சந்தியைப் பிரிக்கிறதா, விடுறதா? ஒவ்வொன்றும் ஒரு முடிவு. பிறகு தேடுகிற ஆய்வாளருக்கு ஒரு சொல் கிடைக்குதா இல்லையா எண்டதை அந்த முடிவுதான் தீர்மானிக்கும்.

இந்த விசயத்தில் தமிழிலேயே நல்லதொரு முன்மாதிரி இருக்கு. 1998 பொங்கலன்று தொடங்கின மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்தால், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் தொடக்கத்திலேயே இருக்கும்.

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோட ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிஞ்ச மண் எங்கட. 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கின 'நூலகம்' இல்லாமல் இண்டைக்கு எங்கட கன ஆய்வேடுகளை எழுதி முடிக்க ஏலாது. ஆனால் உசாத்துணைப் பட்டியலில் நூலாசிரியர் வருவார், பதிப்பகம் வரும். ஸ்கேன் செய்த கை வராது. டிஜிட்டல் மனிதவியலை எங்கட கலைப்பீடங்களில் பாடமாக வைக்கிறதெண்டால், முதல் வகுப்பில் மென்பொருளுக்கு முன்னம் இதைப் படிப்பிக்கலாம். அதுவரைக்கும், நன்றியுரையில் ஒரு வரி கூட எழுத எங்களுக்கு ஆரும் தடை போடேல்லை.