கணக்கப்பிள்ளையும் இருதய நோயாய்வும்

தெமோதரைப் பகுதித் தோட்டங்களிலே தொழிலாளியின் ஒருநாள் உழைப்பு ‘பேர்’ எனவும் அதன் பாதி ‘அரைப்பேர்’ எனவும் பதியப்பட்டது. எதனை எண்ணுவது எனத் தீர்மானிக்கும் உரிமை கணக்கப்பிள்ளைக்கு இருந்ததில்லை. மருத்துவ ஆய்விலே புள்ளிவிபரவியலாளரும் நெடுங்காலம் கணக்கப்பிள்ளைகளாகவே கருதப்பட்டனர்.

இந்நிலை மாறுதற்கு இருதய நோயாய்வு பெருங்காரணமாயிற்று எனலாம். அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 5,209 பேரைத் தொடர்ந்து அவதானிக்கும் ஆய்வு 1948இல் தொடங்கியது. கொலஸ்திரோல், குருதியமுக்கம் என வகுக்க வகுக்க, ஒவ்வொரு பிரிவிலும் எஞ்சிய நோயாளர் மிகச் சிலரே. 1962இல் ஜெரோம் கோன்பீல்ட் இரண்டினையும் ஒரே சமன்பாட்டில் இணைத்து இவ்விடரைத் தீர்த்தார். அவரோ கலாநிதிப் பட்டம் பெறாதவர். எனினும் 1958இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிர்ப்புள்ளிவிபரவியல் துறைக்குத் தலைமை ஏற்றவர். வைத்தியரோடு பழகி அவர் பெற்ற அறிவையே பின்வந்த கலாநிதிப் பயிற்சிகள் பாடமாக்க முயன்றன. முற்றும் முடிந்ததா என்பது ஐயமே.

52 நாடுகளைத் தழுவிய இன்ரர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் இடம்பெற்றது. தென்னாசியர்க்கு முதல் மாரடைப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ ஆறாண்டு முந்தி வருதலை 2007இல் வெளியான அதன் பகுப்பாய்வு காட்டிற்று. ‘தென்னாசியர்’ என்னும் அக்கூட்டெண்ணுள் லயத்து மனிதரைத் தனியே காண்டல் இயலாது. நாள்முழுதும் மலைச்சரிவில் நின்று கொழுந்தெடுப்பவளின் உழைப்பை உடற்பயிற்சி எனக் குறிப்பதா? வினாக்கொத்து வரையும்போதே இதனை வைத்தியரிடம் எழுப்பத்தக்கவர், கணிதத்தையும் லயத்தையும் ஒருங்கே அறிந்த ஆய்வாளரே.