டமாஸ்கஸ் கத்தியும் நம்ம ஊர் உருக்கும்



வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கத்தி ஒன்றின் படம் அனுப்பியிருந்தார். அலகு முழுக்க அலை அலையாகக் கோடுகள். "டமாஸ்கஸ் கத்தி சார். இது நம்ம ஊரு இரும்புன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்கவில்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவர் வாங்கிய கத்தியைப் பற்றி. இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு விதமான எஃகுத் தகடுகளை அடுக்கி, காய்ச்சி ஒட்டி, மடித்து அடித்து, அமிலத்தில் நனைத்துக் கோடு எடுத்தவை. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பழைய டமாஸ்கஸ் வாளின் கோடு அடுக்கி வைத்து வந்ததல்ல. ஒரே எஃகுக் கட்டிக்குள்ளிருந்து தானாக எழும்பியது. அந்தக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி பாரசீகம், அரபு நாடுகள் வரை போயின. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதற்கு உக்கு என்று பெயர், நம்மிடம் உருக்கு. வெள்ளைக்காரர் வாயில் அது 'வூட்ஸ்' ஆனது.

இதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. சேலம் பக்கத்துக் கொல்லர்கள் செய்ததைச் சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்த ஜோசையா ஹீத் எழுதி வைத்திருக்கிறார். இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்கட்டைச் சீவலோடு சிறிய மண் மூசையில் போடுவார்கள். மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. பிறகு மண்ணால் வாயை அடைத்துவிடுவார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். உள்ளே காற்று புக வழியில்லை. கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறும். ஒன்றரை சதவீதம் வரை கரி ஏறிய எஃகு அது. வேதியியல் புத்தகம் இல்லை, வெப்பமானி இல்லை. வேலியோரத்து ஆவாரையும் எருக்கும்தான்!

பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவலூரில் இப்படி எஃகு உருக்கிய மூசைத் துண்டுகளை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்தார். நமக்கு அது ஒன்றும் எட்டாத தூரம் இல்லை.

1795இல் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அடுத்து வந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரப் பாடத்தில் படித்தீர்களே, அவரேதான். அவர் ஒரு கொல்லரின் மகன் என்பது பலருக்குத் தெரியாது. கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து, இதைப்போல் எஃகு செய்ய வெள்ளி, பிளாட்டினம் எல்லாம் கலந்து பார்த்து, 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார். ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெண்சூட்டில் வைத்து அடித்தபோது நம் எஃகு நொறுங்கியது. மங்கிய சிவப்பில் பொறுமையாக அடித்தால்தான் அது வளைந்து கொடுக்கும். ஃபாரடேயின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். மூசை கட்டிய சேலத்துக் கொல்லர் ஒருவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதுதான் ஆற்றாமை.

ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். அது நிலைக்கவில்லை. மலிவான இங்கிலாந்து எஃகு வந்து இறங்கியதும், கரி சுடக் காட்டுக்குள் கட்டுப்பாடு வந்ததும் மூசை உலைகளும் அணைந்தன.

அடிக்கிற கை மட்டும் மிச்சம் இருக்கிறது. பாலுசெட்டிசத்திரம் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருப்பவர் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில்தான் இப்போது கத்தியும் அருவாளும் அடிக்கிறார். வாய்ப்பக்கத்தை அடித்தே மெலிய வைத்து, அரத்தால் இரு பக்கமும் ஒரே சரிவாக ராவுகிறார். காய்கறிக் கத்திக்குச் சரிவு மெல்லிசு. விறகு வெட்டும் அருவாளுக்கு அப்படிச் செய்தால் முதல் வெட்டிலேயே வாய் பல்லாகிவிடும். பிறகு துவைச்சல்: சிவந்த வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, முதுகில் மிஞ்சிய சூடு வாய்க்கு இறங்கும்வரை நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வைக்கோல் மஞ்சள் வந்ததும் மறுபடி தண்ணீர். ஒரு நொடி தவறினால் வாய் மழுங்கும், அல்லது உடையும். "கண்ணுதான் சார் கணக்கு" என்றார். மகன் கம்பெனி வேலைக்குப் போகிறான். இவருக்குப் பின் உலை எரியாது என்கிறார்.

ஊருக்கு வரும்போது ஒரு கத்தி சொல்லி அடித்து வாங்கிப் போங்கள். வீட்டில் வேகமாகச் சுற்றும் மெஷின் சாணையில் மட்டும் அதைப் பிடிக்காதீர்கள். வாய் நீலம் பூத்தால் துவைச்சல் போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டினால் போதும். அமாவாசையன்று போகவேண்டாம், அன்று அவர் உலை மூட்டமாட்டார்.