மறுமுறை விரிந்த முடிவு

ஒரு கதையின் முடிவு படைத்தவனுக்கு உரியதா, அதனைத் தொடர்ந்து வந்தவனுக்கு உரியதா என்னும் வினா பழமையானது. ஆர்தர் கோனன் டாயில் 1893ஆம் ஆண்டில் தம் துப்பறியும் வீரர் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியொன்றில் மாளவிட்டார். வாசகர் சினந்தனர். பத்தாண்டு கழித்து, 1903இல், மாண்டவர் மீண்டு வந்தார். அதே வினா 2012ஆம் ஆண்டில் கணினி விளையாட்டுத் துறையில் எழுந்தபோது, விடை கிடைக்க நான்கு திங்கள்கூட ஆகவில்லை.

கனடாவின் எட்மன்டன் நகரில் மருத்துவம் பயின்ற மூவர் 1995ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் பயோவேர். அந்நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘மாஸ் எஃபெக்ட்’, ஆடுபவரே கதைமாந்தராக மாறி நடத்திச் செல்லும் அறிவியல் புனைகதை விளையாட்டாகும். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை தோன்றி, முதிர்ந்த நாகரிகங்களை அறுவடை செய்து மறையும் ரீப்பர்கள் என்னும் இயந்திர இனத்தைப் படைத்தலைவர் ஷெப்பர்ட் எதிர்ப்பதே கதை. முதற்பாகத்தில் ஒருவர் செய்த தெரிவுகள் 2010இல் வந்த இரண்டாம் பாகத்திலும், 2012 மார்ச் 6ஆம் நாள் வந்த மூன்றாம் பாகத்திலும் தொடர்ந்தன. ஒரு தோழர் மடிந்தால் அடுத்த பாகத்தில் அவர் இல்லை. ஐந்தாண்டுக் காலம் இவ்வாறு தம் கையாலேயே கதையை வளர்த்தவர்கள், அதனைத் தம்முடையது எனக் கருதியதில் வியப்பென்ன?

அவர்கள் கண்ட முடிவோ வேறு. பகைவரை அழித்தல், ஆளுதல், உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாக்குதல் என மூன்று வழிகள் வைக்கப்பட்டன. எதனைத் தெரிந்தாலும் இறுதிக் காட்சிகள் பெரும்பாலும் ஒன்றே; சிவப்பு, நீலம், பச்சை என ஒளியின் நிறந்தான் மாறிற்று. போர்க்களத்தில் உடனிருந்த தோழர்கள் கப்பலுக்குள் எப்படிச் சென்றனர் என்பதற்கும் விளக்கமில்லை. வெறும் சுவை வேறுபாடு என்று இக்குறையைத் தள்ளிவிட முடியாது. தெரிவுக்குப் பயன் உண்டு என்று சொல்லி வளர்க்கப்பட்ட கதை, இறுதியில் அச்சொல்லைக் காக்கவில்லை.

எதிர்ப்பு பலவாறு வெளிப்பட்டது. ஒருவர் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்திடமே முறையிட்டார். வேறு சிலர், நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் அறநிறுவனம் ஒன்றுக்கு எண்பதாயிரம் டாலர் அளவில் திரட்டித் தம் குரலைக் கேட்கச் செய்தனர். இன்னும் சிலர் மூன்று நிறங்களில், ஆனால் ஒரே சுவையில், ஏறத்தாழ 400 சிறு கேக்குகளை நிறுவனத்திற்கு அனுப்பினர். நயமான கேலி! நிறுவனத்தார் அவற்றை இளையோர் காப்பகத்திற்கு வழங்கிவிட்டனர்.

2012 ஜூன் 26ஆம் நாள் ‘எக்ஸ்டெண்டட் கட்’ என்னும் கதை விரிவாக்கம் விலையின்றி வெளிவந்தது. இத்தகைய திருத்தம் முன்பும் நிகழ்ந்ததுண்டு. 2008இல் வந்த ‘ஃபால்அவுட் 3’ விளையாட்டின் முடிவை, 2009இல் ‘ப்ரோக்கன் ஸ்டீல்’ என்னும் விரிவாக்கம் நீட்டித்தது. ஆனால் அது விலைக்கு விற்கப்பட்டது. பயோவேர் பழைய முடிவைக் கைவிடாமல் அதற்கு விளக்கமே எழுதிற்று. தோழர்கள் கப்பலேறும் காட்சி சேர்ந்தது. ஒவ்வொரு தெரிவுக்கும் தனித்தனிப் பின்னுரை வந்தது. எவரும் எதிர்பாராத நான்காவது வழியும் திறந்தது. மூன்றையும் ஷெப்பர்ட் மறுத்துவிடலாம். மறுத்தால் அந்தத் தலைமுறை அழிகிறது; அது விட்டுச்சென்ற செய்தியின் துணையால் அடுத்த சுழற்சியில் வருவோர் வெல்கின்றனர். முறையிட்டோர்க்குத் தரப்பட்ட மறுமொழியே இது என்று சிலர் மனம் புண்பட்டனர். எனினும் நால்வகை முடிவில் தன்மானம் மிக்கது இதுவே எனலாம்.

2021 மே மாதத்தில் மூன்று பாகங்களும் புதுப்பிக்கப்பட்டு ஒரே தொகுப்பாக வந்தபோது, விரிந்த முடிவே அதில் இடம்பெற்றது. அதன்வழிக் கதைக்குள் புகுவோர், 2012ஆம் ஆண்டு மார்ச்சில் அத்துணைக் கொதிப்பை எழுப்பிய முடிவினை அதன் முதல் வடிவில் காண்பதில்லை.