லின் கான்வே

லின் கான்வே (2 ஜனவரி 1938 – 9 ஜூன் 2024) அமெரிக்கக் கணினிப் பொறியாளர், பேராசிரியர். பெருநிறுவனங்களுக்குள் அடங்கியிருந்த சில்லு வடிவமைப்பைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியவர். மாணவர்கள் வரைந்தவற்றைத் தொழிற்கூடத்தில் சில்லுகளாக்கித் தரும் வழியையும் உருவாக்கியவர்.

இளமையும் முதற்பணியும்

நியூயார்க் மாநிலத்தின் மவுன்ட் வெர்னானில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1962இல் இளநிலைப் பட்டமும் 1963இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, 1964இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அதிவேகக் கணினித் திட்டமொன்றில், கணினி ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வரிசை மாற்றியும் நிறைவேற்றும் முறையை வகுத்தார். திருநங்கையான அவர் பெண்ணாக வாழ முடிவெடுத்ததால், 1968இல் ஐபிஎம் அவரைப் பணிநீக்கம் செய்தது. பழைய சாதனைகளைச் சொல்லிக்கொள்ள வழியின்றி, புதிய பெயரில் தொழில் வாழ்வை மீண்டும் தொடங்கினார். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் இணைந்தார்.

மீட்–கான்வே முறை

சில்லு வடிவமைப்பின் விதிகள் ஆலைக்கு ஆலை மாறுபட்டிருந்த காலம் அது. கால்டெக் பேராசிரியர் கார்வர் மீடும் கான்வேயும் அவற்றை எளிமையாக்கினர். கோடுகளின் அகலத்தையும் இடைவெளியையும் லாம்டா என்ற ஒரே அலகின் மடங்குகளாகக் குறித்தனர். உற்பத்தி நுட்பம் முன்னேறி அளவுகள் சிறுத்தாலும், லாம்டாவின் மதிப்பை மாற்றி அதே வரைபடத்தைப் பயன்படுத்த இது இடமளித்தது. இருவரும் எழுதிய ‘இன்ட்ரொடக்‌ஷன் டு விஎல்எஸ்ஐ சிஸ்டம்ஸ்’ (1980) பல பல்கலைக்கழகங்களில் பாடநூலாயிற்று.

வகுப்பறையிலிருந்து ஆலைக்கு

1978இல் எம்ஐடியில் வருகைதரு ஆசிரியராக இப்பாடத்தை நடத்தினார். மாணவர்களின் வடிவமைப்புகள் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாகப் பார்க் ஆய்வகத்தை அடைந்தன. ஹியூலட்-பேக்கார்டின் கூடத்தில் சில்லுகளாயின. பல வடிவமைப்புகளை ஒரே சிலிக்கான் தகட்டில் சேர்த்ததால் செலவு பகிரப்பட்டது. அடுத்த ஆண்டு, பல பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 124 பேரின் 82 வடிவமைப்புகள் இவ்வாறே தயாராயின. வடிவமைப்புகளை ஏற்பது முடிந்த 29 நாள்களில் சில்லுகள் அனுப்பப்பட்டன. ஸ்டான்ஃபோர்டின் ஜிம் கிளார்க் உருவாக்கிய முப்பரிமாண வரைகலைச் சில்லின் முன்மாதிரியும் அவற்றுள் ஒன்று. அதிலிருந்து சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் வளர்ந்தது.

பிற்காலமும் சிறப்புகளும்

1983இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா ஆய்வு முகமைக்குச் சென்று, கணினி ஆய்வுத் திட்டமொன்றை வகுத்தார். 1985இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, 1998இல் ஓய்வுபெற்றார். 1989இல் அமெரிக்க தேசியப் பொறியியல் கழக உறுப்பினரானார். 2020இல் ஐபிஎம் அவரிடம் மன்னிப்புக் கோரியது. 2023இல் அமெரிக்க தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் சிறப்பு மன்றத்தில் இடம்பெற்றார்.

தாக்கம்

பல வடிவமைப்புகளை ஒரு தகட்டில் சேர்த்துத் தயாரிக்கும் இந்த ஏற்பாடு, 1981 முதல் மோசிஸ் சேவையாக நிலைபெற்றது. சொந்த ஆலை இல்லாத பல்கலைக்கழகமும் சிறு நிறுவனமும் தம் எண்ணத்தைச் சில்லாக்கிச் சோதிக்க முடிந்தது. வடிவமைப்பவர் ஒருவர், தயாரிப்பவர் வேறொருவர் என்ற இன்றைய சில்லுத் தொழிலின் அமைப்புக்கு இம்முயற்சி வழிகோலியது.