லிட்டில் மோர்ட்டன் ஹால்: தலைமுறைகள் கட்டிய மர மாளிகை

இங்கிலாந்தின் செஷையர் வட்டாரத்தில், காங்கிள்டன் நகருக்கு அருகே அகழி சூழ நிற்கிறது லிட்டில் மோர்ட்டன் ஹால். அதன் தெற்கு முகப்பில் முதலில் கண்ணில் படுவது கோணல்தான். சுவர் நெளிந்திருக்கிறது, தளங்கள் தொய்ந்திருக்கின்றன. முதுமையின் தள்ளாட்டம் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால், கட்டப்பட்ட வரிசையில் வீட்டைப் பார்த்தால், அந்தக் கோணலுக்குக் காரணம் வயது மட்டுமல்ல என்பது புலப்படும்.

தொடக்கம் எளிமையானது. 1504க்கும் 1508க்கும் இடையில் முதலாம் வில்லியம் மோர்ட்டன் பெருங்கூடத்தை எழுப்பினார். கல் அடித்தளத்தின்மேல் ஓக் மரச் சட்டகம். ஒரு மரத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி, இன்னொன்றின் துளையில் செருகி, மர ஆணி அடித்து இறுக்கும் முறை அது. ஓக் மரத்தைப் பச்சையாகவே இழைப்பது அக்காலத் தச்சர் வழக்கம். காயக் காயப் பொருத்துகள் இறுகும். கூடவே மரம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். பாரத்தைத் தாங்குவது சட்டகம்; இடையிலுள்ள அடைப்புச் சுவருக்கு அந்த வேலை இல்லை.

1559இல் அவருடைய வாரிசான இரண்டாம் வில்லியம், உயர்ந்து திறந்திருந்த அந்தக் கூடத்தின் நடுவே ஒரு மாடித் தளத்தைப் புகுத்தினார். முற்றத்தைப் பார்த்தபடி இரண்டு பெரிய சாளரங்களையும் வெளியே புடைத்து நிற்கும்படி அமைத்தார். கூரைகள் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்கு இரண்டும் நெருக்கம். அவற்றில் பொறித்துள்ள வாசகம் என்னை நெகிழ வைக்கிறது. நிலக்கிழார் தம் பெயரை எழுதிவைப்பது எங்கும் உள்ளதுதான். இங்கே, இறையருளால் இச்சாளரங்களைச் செய்தவர் என்று தச்சர் ரிச்சர்டு டேலின் பெயரும் நிற்கிறது. அக்காலத் தச்சர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே போனவர்கள். ஆகவே இந்த ஒரு வரி கட்டடக்கலை வரலாற்றுக்குக் கிடைத்த கொடை.

கோணலின் மூலம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. 1560களின் தொடக்கத்தில் இரண்டாம் வில்லியமின் மகன் ஜான் நுழைவாயிலோடு தெற்குப் பகுதியைக் கட்டினார். அதன் மூன்றாம் தளத்தில் 68 அடி நீள நெடுங்கூடம் ஓடுகிறது. வேலை தொடங்கிய பிறகே அதைச் சேர்க்கும் எண்ணம் வந்ததாகத் தெரிகிறது. உச்சியில் கனத்த மணற்கற் பலகைக் கூரை. இருபுறமும் வரிசையாகச் சாளரங்கள். இத்தனை பாரத்தை எதிர்பாராத கீழ்த்தளச் சட்டகம் வெளியே பிதுங்கியது. கூரைத் தாங்கிகளுக்கு இடையே பிற்பாடு குறுக்கு உத்தரங்கள் பாய்ச்ச வேண்டியிருந்தது. அவை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகலாம். செங்கல்லோ கருங்கல்லோ இப்படி நெளிந்திருந்தால் விரிசல் விட்டுச் சரிந்திருக்கும். மரம் வளைந்துகொடுத்தது.

அந்த நெடுங்கூடத்தில் மழை நாட்களில் உலாவினார்கள், விளையாடினார்கள். அதன் மரப்பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த நான்கு டென்னிஸ் பந்துகள் கிடைத்திருக்கின்றன.

1610 அளவில் கட்டுமானம் நின்றது. உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற குடும்பம் நொடிந்துபோனது. வீடு குத்தகை விவசாயிகள் கைக்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் வழிபாட்டறை நிலக்கரி போடும் அறையாகிவிட்டது. கையில் காசு இருந்திருந்தால், நாகரிகத்துக்கு ஏற்றபடி செங்கல்லில் மாற்றிக் கட்டியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. 1892இல் உரிமை பெற்ற எலிசபெத் மோர்ட்டன் என்ற ஆங்கிலிக்கத் துறவி வழிபாட்டறையைச் சீர்செய்தார். 1912இல் இறந்தபோது, ஒருபோதும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வீட்டை உறவினருக்கு விட்டுச்சென்றார். அந்த உறவினர் 1938இல் அதை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தார்.