முழங்காலுக்கு அடியில் ஒரு சரித்திரம்

இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரத்துப் பெரிய மாதாகோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஒரு கல்லறையைத் தேடிக்கொண்டுதான் போகிறார்கள். 1817ல் மறைந்த ஜேன் ஆஸ்டின் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறாள். கல்லில் அவளுடைய நல்ல மனசு, இனிய சுபாவம், அறிவு எல்லாம் பொறித்திருக்கிறது. ஆனால் அவள் நாவல் எழுதினாள் என்று ஒரு வார்த்தை இல்லை! அவள் தையலிலும் கெட்டிக்காரி. தாயாரோடும் தமக்கையோடும் சேர்ந்து அவள் தைத்த ஒட்டுப் போர்வை சாட்டன் கிராமத்து வீட்டில் இன்றும் இருக்கிறது.

கல்லறையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடக் கூடாது. பாடகர்கள் அமரும் ஆசனங்களின் பக்கம் போக வேண்டும். அங்கே உட்காருகிற மெத்தைகளையும், மண்டியிடுகிற சிறு திண்டுகளையும் குனிந்து பார்க்க வேண்டும். சல்லடை போலக் கண் விட்ட கித்தான் துணியில், மொட்டை முனை ஊசியால், கம்பளி நூல் கொண்டு ஒவ்வொரு கண்ணாக அடைத்துத் தைத்த வேலை அது. துணி கொஞ்சமும் தெரியாது, நூல்தான் தெரியும். பட்டுப் பூத்தையலைப் போல மினுக்காது. ஆனால் எத்தனை முழங்கால்கள் அழுத்தினாலும் தாங்கும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் லூயிஸா பெஸல் என்ற ஸ்திரீ. 1870ல் பிராட்போர்டில் பிறந்தவள். அது கம்பளி வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். 1903 முதல் 1907 வரை ஏதென்ஸ் நகரில் ஒரு தையல் பள்ளிக்குத் தலைவியாக இருந்தாள். ஊர் திரும்பிய பிறகு, பழைய ஆங்கிலத் தையல் வகைகள் அழிந்துபோகாமல் இருக்க அவற்றை ஆராய்ந்து புத்தகங்கள் வெளியிட்டாள். இவ்வளவோடு நின்றிருந்தால் அவள் ஒரு நிபுணி. நமக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இராது.

முதல் உலக யுத்தம் அவளை வேறு வேலைக்கு இழுத்தது. பீரங்கி அதிர்ச்சியில் மனம் கலங்கிய சிப்பாய்கள் பிராட்போர்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். உடம்பில் காயம் இல்லை. கை நடுங்கும், தூக்கம் வராது. பெஸல் அந்தக் கைகளில் ஊசியைக் கொடுத்தாள். துப்பாக்கி பிடித்தவனுக்கு ஊசியா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கண் எண்ணித் தைக்கிறவனுக்கு அடுத்த கண்ணைத் தவிர வேறு நினைவுக்கு இடமில்லை. தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். அதனால் யாரும் சாகப்போவதில்லை. அவர்கள் தைத்த பலிபீட விரிப்பு ஒன்று பிராட்போர்டு மாதாகோயிலில் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

யுத்தம் முடிந்தது. 1921 ஜனக்கணக்கில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் பதினேழு லட்சத்துக்கு மேல் அதிகம் என்று தெரிந்தது. பத்திரிகைகள் அவர்களுக்கு 'உபரிப் பெண்கள்' என்று பெயர் வைத்தன. கொடிய பெயர்! கடையில் விற்காமல் நின்ற சரக்குக்குச் சொல்வது போல.

பெஸல் பிற்காலத்தில் வின்செஸ்டரில் குடியேறியிருந்தாள். 1931ல் மாதாகோயில் வேலை ஆரம்பமாயிற்று. ஊர்ப் பெண்களைத் திரட்டி, முதலில் மாதிரித் துணியில் தையல்களைப் பழக்கினாள். நாட்டின் சரித்திரமும் நகரத்தின் சரித்திரமும் சொல்லும் சித்திரங்களை ஸிபில் பிளண்ட் என்ற தோழி வரைந்து கொடுத்தாள். அநேகர் ஊசி வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள், கூலியும் கிடையாது. 1936க்குள் முந்நூறுக்கு மேற்பட்ட திண்டுகளும், நீண்ட ஆசன மெத்தைகளும், காணிக்கைப் பைகளும் தயாராகிவிட்டன.

பெண்ணைப் பழையபடி ஊசியோடு மூலையில் உட்காரவைத்த கதைதானே இது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்தப் பெண்களில் பலருக்கு வேண்டியது சம்பளமும் உத்தியோகமும். திண்டு அதற்கு ஈடாகாது. ஆனாலும் 'உபரி' என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடி, "இது இல்லாமல் இந்த இடம் நிறைவாகாது" என்று சொல்லும்படி ஒரு பொருளைச் செய்து வைத்தார்கள். ஊருக்குக் கொடுத்தோம் என்று நினைத்தார்கள். ஊரில் தங்களுக்கு ஓர் இடம் பெற்றுக்கொண்டார்கள். சிப்பாயின் கதையும் அதுவேதான். கொடுக்கிற கைதான் முதலில் நடுக்கம் நிற்கிறது.

பெஸல் 1947ல் காலமானாள். 2019ல் டிரேசி ஷெவலியர் என்ற நாவலாசிரியை இந்தத் தையல்காரிகளை வைத்து ஒரு நாவலே எழுதினாள். நாவல் எழுதியவளின் கல்லில் நாவலைப் பற்றிப் பேச்சில்லை. அதே கோயிலுக்காகத் தைத்தவர்கள் நாவலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்கிறவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. முழங்கால் வலிக்கவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.